பூட்டி வைத்த தமிழ் எழுத்து!

2004ஆம் ஆண்டு. என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிற்று.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகையை அண்ணாமலையார் சன்னதியில்தான் வைப்போம். அதற்கு அப்பா நல்ல நாள் பார்த்துவிட்டார். பத்திரிகைதான் தயாராகவில்லை.

தேரடித் தெருப் பக்கம் ஒரு டி.டி.பி. கடை. அங்கே போய் உட்கார்ந்தோம். ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டினாள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். ஒரு பிழை இல்லை. இரண்டு பக்கத்துத் தாத்தா, பாட்டி பெயர்களும் சரியாக இருந்தன.

அச்சடிப்பது மட்டும் வேலூரில். அங்கே தெரிந்தவர் ஒருவர் அச்சகம் வைத்திருந்தார். காகிதம் நயம்; கூலியும் குறைவு. கடைக்காரர் பத்திரிகையை ஒரு சி.டி. தட்டில் பதித்துக் கொடுத்தார். நானும் அப்பாவும் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

வேலூரில் தட்டைப் போட்டார்கள். திரையைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"திருவண்ணாமலை" என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, பி, யூ, டி, இசட்! அப்புறம் ஓர் அரைப்புள்ளி! மறுபடி இசட், எச், கே, ஐ, ஒய்!

பத்திரிகை முழுவதும் இப்படித்தான். பெண் பெயரைக் காணோம். மாப்பிள்ளை பெயரைக் காணோம். முகூர்த்தத் தேதியில் உள்ள எண்கள் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தன.

"தட்டு கெட்டுப் போச்சுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"தட்டு நல்லாத்தான் இருக்குது. அந்த ஃபாண்ட் எங்ககிட்ட இல்லைங்க" என்றார் அச்சகக்காரர்.

திரும்பி ஊருக்கு வந்து போக நேரம் இல்லை. அப்பாவின் சட்டைப் பையில் இருந்த காகிதப் பிரதியைப் பார்த்து, மொத்தத்தையும் புதிதாகத் தட்டினார்கள். அவசர அவசரமாக அச்சடித்தார்கள். 500 பத்திரிகை. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு கொம்பு இல்லை!

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரை முன்னால் அழைத்துவர அப்பா பட்ட பாடு அப்பாவுக்குத்தான் தெரியும்.

கொம்பைத் தின்றது யார்? அந்த டி.டி.பி. பெண்ணா? வேலூர் அச்சகக்காரரா? இருவரும் இல்லை. தமிழ் எழுத்தை ஆளுக்கொரு பெட்டியில் வைத்து, ஆளுக்கொரு பூட்டுப் போட்ட கம்பெனிகள்தான் தின்றன. என் கட்சி இதுதான். எப்படி என்று சொல்கிறேன்.

எழுத்து போட்ட வேடம்

கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றுதான். ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாக மாற்றித்தான் உள்ளே வைத்துக்கொள்கிறது. இந்த எண் வந்தால் இந்த உருவத்தை வரை என்று அதற்குச் சொல்லித் தருவதுதான் ஃபாண்ட்.

தபால் ஆபீசில் கடிதங்களைப் பிரித்துப் போடும் அறை அறையான அலமாரியைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஓர் அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 256 அறைகள். முதல் 128 அறைகளை இங்கிலீஷ் எழுத்துகளும், எண்களும், காற்புள்ளி அரைப்புள்ளி வகையறாக்களும் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டிலேயே அதற்குப் பொது அட்டவணை போட்டுவிட்டார்கள். மீதி 128 அறைகள்.

தமிழில் 247 எழுத்துகள் ஆயிற்றே! எப்படி அடங்கும்?

அடக்கலாம். தட்டெழுத்து யந்திரத்தில் செய்ததுபோல் காலைத் தனியாக, கொம்பைத் தனியாகப் பிரித்துக்கொண்டால் போதும். அது பெரிய வித்தை இல்லை. 'க' எந்த அறையில் இருக்கவேண்டும், 'ம' எந்த அறையில் இருக்கவேண்டும் என்பதில்தான் வந்தது வம்பு. ஒரு கம்பெனி 'க'வைப் போட்ட அறையில் இன்னொரு கம்பெனி 'ம'வைப் போட்டது. வேறு சிலர் இங்கிலீஷ் எழுத்துகளின் அறைக்குள்ளேயே தமிழைக் குடியேற்றிவிட்டார்கள்.

எங்கள் பத்திரிகை இந்த இரண்டாவது வகை. கம்ப்யூட்டரின் மனதில் இருந்தது 'ஜே'தான். ஃபாண்ட் அதற்கு 'த' என்று வேடம் போட்டது. தெருக்கூத்தில் கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்தால் துரியோதனன். கழற்றி வைத்தால் நம் பக்கத்து வீட்டுக்காரர். வேலூரில் அந்த வேடப் பெட்டி இல்லை. எனவே, ஜே ஜேயாகவே மேடைக்கு வந்துவிட்டது!

ரகசியம் எதற்கு?

"சொந்தமாகப் பாடுபட்டுச் செய்த பொருளைக் கம்பெனிக்காரன் ஊருக்கெல்லாம் பங்கு போட முடியுமா? அவன் பிழைக்கவேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

அந்தச் சிறு கம்பெனிகளை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனம் இல்லை. வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் தமிழைத் திரும்பிப் பாராத காலத்தில், கம்ப்யூட்டர் திரையில் 'அ' என்று எழுதிக் காட்டியவர்கள் அவர்கள்தான். பத்திரிகை ஆபீசுகளும் அச்சகங்களும் அவர்களால்தான் ஈய எழுத்தை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறின.

ஆனால், விற்கவேண்டியது எது, விற்கக்கூடாதது எது என்று ஒரு கணக்கு இருக்கிறது.

எழுத்தின் அழகை விற்கலாம். தட்டுவதற்கு வசதியான கருவியை விற்கலாம். பிழை திருத்தும் வித்தையை விற்கலாம். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற அட்டவணை மட்டும் பொதுவாக இருக்கவேண்டும். மளிகைக் கடைக்காரர்கள் விலையில் போட்டி போடட்டும். கடைக்குக் கடை கிலோவின் எடை மாறினால் யார் பொறுப்பார்கள்?

இது நம்மவர்களுக்குப் புதிய விஷயமும் இல்லை. ராஜராஜ சோழன் கட்டிய தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற மரக்கால் வருகிறது. அது 'ராஜகேசரி' என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னே அளவை எல்லாரும் பார்க்கும்படி சுவரில் எழுதினவர்கள் நம் முன்னோர்கள். நாம் எழுத்தையே ஒளித்து வைத்தோம்!

கடிதத்தில் பேசினார்கள்

பூட்டை உடைத்தது யார்? போலீஸ் இல்லை; கோர்ட்டு இல்லை. பெட்டி செய்தவர்களில் சிலரே கூடிப் பேசி உடைத்தார்கள். இந்தக் கதை நம் பள்ளிக்கூடப் பாடத்தில் வரவேண்டிய கதை.

சுவிட்சர்லாந்தில் லோசான் என்று ஓர் ஊர். அங்கே கு. கல்யாணசுந்தரம் என்ற தமிழர் ரசாயன விஞ்ஞானி. அவர் 'மயிலை' என்ற தமிழ் ஃபாண்டைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன். அவர் செய்தது 'முரசு அஞ்சல்'. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், பேராசிரியர். 1995ஆம் ஆண்டில் தமிழ்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே இன்டர்நெட்டில் ஏற்றிக் காட்டியவர் அவர்.

ஒருவர் ஐரோப்பாவில். மற்ற இருவர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும். ஆளுக்கு ஓர் ஃபாண்ட், ஆளுக்கு ஒரு முறை. நியாயப்படி பார்த்தால் போட்டிக்காரர்கள்!

அதே 1995இல் பாலா பிள்ளை என்பவர் 'தமிழ்.நெட்' என்ற இ-மெயில் குழுவைத் தொடங்கினார். ஒருவர் எழுதும் கடிதம் குழுவில் உள்ள எல்லாருக்கும் போய்ச் சேரும். உலகத்தின் மூலை முடுக்கில் இருந்த தமிழர்கள் தமிழிலேயே கடிதம் எழுதிக்கொண்டார்கள். எழுத எழுதத்தான் கஷ்டம் புரிந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவேண்டுமானால், இருவரிடமும் ஒரே ஃபாண்ட் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கல்யாணப் பத்திரிகை கதைதான்.

1997ஆம் ஆண்டு மே மாதம். சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' மாநாடு கூடிற்று. கடிதத்தில் மட்டும் பழகியவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள்.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லவேண்டும். கடிதத்தில் முறுக்கிக்கொள்கிற ஆள், எதிரே உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தால் பாதி இறங்கி வந்துவிடுவார். மீதிப் பாதிக்கு மறுபடி கடிதம் வேண்டும். நேரில் "சரி" என்றவர் வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்து, "ஆனால்..." என்று எழுதுவார். அந்த "ஆனால்" ரொம்ப முக்கியம். அதில்தான் பிழைகள் பிடிபடும். எனவே, இரண்டும் வேண்டும். சந்திப்பு மட்டும் இருந்தால் மாலை மரியாதையோடு முடிந்துவிடும். கடிதம் மட்டும் இருந்தால் சண்டையோடு முடிந்துவிடும்.

அந்த மாநாட்டுக்குப் பிறகு இ-மெயிலிலேயே விவாதித்து ஒரு பொது அட்டவணை உண்டாக்கினார்கள். அதற்குத் 'திஸ்கி' என்று பெயர். முதல் 128 அறைகளில் இங்கிலீஷ். அடுத்த 128 அறைகளில் தமிழ். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். காசு இல்லை.

1998ஆம் ஆண்டு பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கிற்று. சங்க நூல்கள் முதல் பாரதியார் வரை தமிழ்ப் புத்தகங்களைத் தட்டி இன்டர்நெட்டில் இலவசமாக ஏற்றும் திட்டம். லோசானில் இருந்த அதே கல்யாணசுந்தரம்தான் அதன் அமைப்பாளர். ஒருவர் தட்ட, வேறு நாட்டில் இருக்கும் இன்னொருவர் பிழை திருத்துவார். பல பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பொது அட்டவணை இல்லாமல் இந்த வேலை நடந்திருக்குமா?

'அம்மா'வுக்கு நான்கு தட்டு

1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. தமிழ்நாட்டு அரசாங்கமே நடத்திற்று. நிபுணர்கள், கம்பெனிக்காரர்கள், வெளிநாட்டுத் தமிழர்கள் எல்லாரும் வந்தார்கள். அங்கே பேசி முடிவான ஒரு காரியத்தின் பலன் இன்றும் உங்கள் கையில் இருக்கிறது. அதுதான் 'தமிழ் 99' கீபோர்டு.

அதில் உயிர் எழுத்துகள் இடது கைக்கு. மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டுங்கள். 'அம்மா' வந்துவிடும்! ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். 'அக்கா'வும் அப்படித்தான், 'அண்ணா'வும் அப்படித்தான். தமிழின் குணம் தெரிந்தவர்களும் கம்ப்யூட்டரின் குணம் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்த வசதி இது. தனித் தனியாக யோசித்திருந்தால் வாத்தியார் புள்ளியை யோசித்திருப்பார். என்ஜினீயர் சாவியை யோசித்திருப்பார். இரண்டையும் யார் முடிச்சுப் போடுவது?

சிங்கப்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டுவதில் முன்னின்ற நா. கோவிந்தசாமி அதே 1999ஆம் ஆண்டு காலமானார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். சென்னை மாநாட்டையொட்டி 'டாம்', 'டாப்' என்று இரண்டு அட்டவணைகள் வந்தன. ஏற்கெனவே திஸ்கி இருந்தது. ஒன்று வேண்டும் என்று கூடியவர்கள் மூன்றோடு எழுந்தார்கள்! பழைய கம்பெனிகள் தங்கள் பெட்டிகளையும் விடவில்லை. ஐந்து வருஷம் கழித்து எங்கள் தாத்தா வீட்டுக் கொம்பு காணாமற்போனது இதனால்தான்.

பகையாளிகள் ஒரே பந்தியில்

இதற்கு முன்னாலேயே அமெரிக்காவில் இன்னொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜெராக்ஸ் கம்பெனியில் ஜோ பெக்கர். ஆப்பிள் கம்பெனியில் லீ காலின்ஸ், மார்க் டேவிஸ். 1987ஆம் ஆண்டில் இவர்கள் ஒரு பெரிய யோசனை செய்தார்கள். 256 அறை அலமாரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, உலகத்து மொழிகள் அத்தனைக்கும் இடம் உள்ள ஒரே அலமாரி செய்தால் என்ன?

அதுதான் 'யூனிகோட்'. அதற்காக 1991ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தார்கள். சந்தையில் ஒன்றை ஒன்று கடித்துத் தின்னும் கம்பெனிகள் இந்தச் சங்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் பற்றிப் பேசுகின்றன. நேரில் கூடுகிறார்கள், கடிதத்திலும் பேசுகிறார்கள். யோசனைகளையும் முடிவுகளையும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். தர்மத்துக்காகச் செய்தார்களா? இல்லை. நான் வாங்கிய போனிலிருந்து நீங்கள் வாங்கிய போனுக்குக் கடிதம் போகாவிட்டால் இருவருமே போன் வாங்கமாட்டோம். லாபக் கணக்குப் போட்டாலும் பகிர்ந்துகொள்வதுதான் லாபம் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

தமிழுக்கு அதில் முதலிலிருந்தே இடம் உண்டு. இடம் போதாது, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி அறை தரவில்லை என்று நம்மவர்களுக்கு மனக்குறையும் உண்டு. அந்தச் சண்டை பெரிய சண்டை, இங்கே வேண்டாம். 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடையும் அதோடு 'டேஸ் 16' என்ற முறையையும் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

இதில் எங்கள் ஊர்க்காரனாக நான் சந்தோஷப்பட்ட ஒரு செய்தி உண்டு. பழைய கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் கணக்குப் புத்தகங்களிலும் கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களுக்குத் தனித் தனிக் குறிகள் வரும். மரக்காலுக்கும் நிலத்துக்கும் குறிகள் உண்டு. அப்படிப்பட்ட 51 குறிகள் 2019ஆம் ஆண்டில் யூனிகோடில் ஏறின. அண்ணாமலையார் கோவில் சுவர்களில் கல்வெட்டுகளுக்குப் பஞ்சம் இல்லை. அவற்றைப் படி எடுக்கும் மாணவன் இனி அந்தக் குறிக்குப் படம் போடவேண்டாம். எழுத்தாகவே எழுதலாம். எந்தக் கம்பெனிக்கும் இதனால் ஒரு ரூபாய் வியாபாரம் இல்லை. எழுதிக் கேட்டார்கள், ஆதாரம் காட்டினார்கள், கிடைத்தது.

இன்னும் தீராத பாக்கி

இன்று நீங்கள் செல்போனில் தமிழில் எழுதுகிறீர்கள். துபாயில் இருக்கும் மகன் படிக்கிறான். அவன் என்ன போன் வைத்திருக்கிறான் என்று நீங்கள் கேட்பதில்லை. ஒரு காலத்தில் அதைத்தான் முதலில் கேட்கவேண்டியிருந்தது.

ஆனால், நம் ஊர் டி.டி.பி. கடைகளில் இன்னும் பழைய ஃபாண்டுகள் நடமாடுகின்றன. பழகிய கை மாறாது என்பது ஒரு காரணம். அச்சுக்குப் போகும் மென்பொருள்களில் பழையவை யூனிகோடுத் தமிழை உடைத்து உடைத்துக் காட்டும் என்பது இன்னொரு காரணம். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு இன்றைய வேலை இன்றைக்கு முடியவேண்டும்.

காகிதத்தில் அடித்து முடிந்தால் பரவாயில்லை. அதே நோட்டீசை, அதே அறிவிப்பை அப்படியே இன்டர்நெட்டில் ஏற்றுகிறார்களே, அங்கேதான் கஷ்டம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடினால் கிடைக்காது. உள்ளே இருப்பது ஜே, பி, யூ அல்லவா? கண் பார்வை இல்லாதவர்கள் செல்போனை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அந்த அறிவிப்பு "ஜே... பி... யூ..." என்றுதான் காதில் விழும்.

பாட்டிக்குத் தெரியாத தமிழா?

எழுத்தை விடுங்கள். இப்போது காலம் குரலுக்கு மாறிவிட்டது. தட்டத் தெரியாதவர்கள் செல்போனிடம் பேசியே காரியம் பார்க்கலாம் என்கிறார்கள். புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

என் பாட்டி போன மாதம் செல்போனிடம் கேட்டார். "மல்லாட்ட இன்னா வெலை?"

எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். செல்போன் "மாலை ஆட்டம்" என்று எழுதிக் காட்டிற்று! பாட்டி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதுக்குத் தமிழ் தெரியல" என்றார்.

அது எந்தக் கம்பெனி என்பது முக்கியம் இல்லை. அந்தப் போனுக்குக் குரல் சொல்லிக் கொடுத்தவர்கள் எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டதில்லை என்பதுதான் முக்கியம். கம்ப்யூட்டர் பேச்சைக் கற்பது குழந்தை கற்பது மாதிரி. ஆயிரக்கணக்கான பேர் பேசுவதைக் கேட்கவேண்டும். பேச்சையும் அதன் எழுத்தையும் சேர்த்து வைத்துப் பாடம் படிக்கவேண்டும். சென்னைப் பேச்சை மட்டும் கேட்டால் ஜவ்வாது மலைப் பேச்சு எப்படிப் புரியும்?

நம் பேச்சைச் சேகரிக்கும் வேலை நடக்கிறது. மோசில்லா என்ற அமைப்பு 2017ஆம் ஆண்டில் 'காமன் வாய்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. தமிழும் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் பேசிக் கொடுக்கலாம்; யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் கூகுள் கம்பெனியோடு சேர்ந்து 'வாணி' என்ற திட்டத்தை நடத்துகிறது. இந்தியாவின் மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் பேச்சைச் சேகரித்து, எல்லாருக்கும் திறந்து வைப்பது அதன் நோக்கம். சென்னை ஐ.ஐ.டி.யில் 'ஏ.ஐ.4பாரத்' என்ற குழுவும் இந்திய மொழிப் பேச்சுகளைத் திரட்டித் திறந்த முறையில் கொடுக்கிறது.

இவை நல்ல வழி. எல்லாக் கம்பெனியும் இந்த வழியில் போகும் என்று நான் நம்பவில்லை. நம் பேச்சை வாங்கிப் பூட்டி வைத்து, ஒவ்வொரு போனும் ஒவ்வொரு தமிழைக் கற்றுக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு போனுக்கு மல்லாட்டை புரியும். இன்னொரு போனுக்குப் புரியாது. வேலூர் அச்சகத்தில் நடந்த கதை மறுபடி நடக்கும். இந்தத் தடவை காணாமற்போவது கொம்பு இல்லை; ஒரு மாவட்டத்தின் பேச்சு.

ஆகவே, கம்பெனிகளிடம் நான் கேட்பது பேராசை இல்லை. உங்கள் கருவியை விற்றுக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டிமாரிடம் வாங்கிய பேச்சை மட்டும் பொதுவில் வையுங்கள். அரசாங்கப் பணமோ இடமோ வாங்கிக்கொள்ளும் கம்பெனி என்றால், இதை நிபந்தனையாகவே போடவேண்டும்.

எங்கள் ஊருக்கு வாருங்கள்

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் கூட்டங்களைச் சென்னையிலும் பெங்களூரிலும் மட்டும் நடத்தாதீர்கள்.

இன்டர்நெட்டில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். இங்கிலீஷில் கேட்கவேண்டுமே என்ற பயம். பக்கத்தில் உட்கார்ந்தால் தமிழில் கேட்பார்கள். தப்பாகக் கேட்டாலும் கேட்பார்கள்.

பக்கத்து ஊரான விழுப்புரத்தில் இது நடக்கிறது. 'லினக்ஸ்' என்ற இலவச மென்பொருளை நேசிக்கும் இளைஞர்கள் அங்கே குழுவாகக் கூடி, கிராமத்து மாணவர்களுக்குச் சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த மாவட்டத்தில் திருச்சிற்றம்பலத்தில் 2024ஆம் ஆண்டு மினி டைடல் பூங்காவும் திறந்தார்கள். கட்டடம் வருவது நல்லதுதான். ஆனால், கண்ணாடிக் கதவைத் திறக்க அட்டை வேண்டும் என்று சொல்லி, உள்ளூர்ப் பையன் வெளியே நின்று வேடிக்கை பார்த்தால் என்ன பிரயோசனம்? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவைத் திறந்து வையுங்கள். உங்கள் என்ஜினீயர்களும், எங்கள் டி.டி.பி. கடைக்காரர்களும், கல்வெட்டுப் படிக்கும் வாத்தியார்களும், கல்லூரிப் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசட்டும்.

திருவண்ணாமலைக்கு வருவதானால் அறைகூட வேண்டாம். கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். பௌர்ணமி இல்லாத ஒரு நாள் சாயங்காலம் இரண்டு போட்டிக் கம்பெனிக்காரர்களை ஒன்றாக நடக்க விடுங்கள். மூன்று நான்கு மணி நேரம்! சண்டை போட்டுக்கொண்டே நடந்தாலும் ஏதாவது ஒன்று முடிவாகும்.

கட்டுரை எழுதும் சாக்கில் போன வாரம் அப்பாவின் பீரோவைக் குடைந்தேன். அந்தச் சி.டி. தட்டு அங்கே இருந்தது. மஞ்சள் தடவிய உறையில் பத்திரமாக வைத்திருக்கிறார்! அதை எடுத்துக்கொண்டு கடைத் தெருவில் ஓர் இளைஞரிடம் போனேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்போது தட்டுப் போடும் வாய்கூட இல்லை.

பழைய ஃபாண்டுகளின் அட்டவணைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளைப் பலர் செய்து இலவசமாக விட்டிருக்கிறார்கள். சென்னையில் நியூ ஹொரைசன் மீடியா என்ற பதிப்பகக் கம்பெனிகூட அப்படி ஒன்றைச் செய்து சும்மா கொடுத்தது. அந்த இளைஞரும் அப்படி ஒரு கருவிதான் வைத்திருந்தார். ஜே, பி, யூ கூட்டத்தை மொத்தமாக அதற்குள் போட்டார். ஒரு தட்டு தட்டினார்.

கண் மூடித் திறப்பதற்குள் பத்திரிகை முழுவதும் தமிழில் வந்து நின்றது. திருவண்ணாமலை வந்தது. அக்கா பெயர் வந்தது. மாப்பிள்ளை பெயர் வந்தது.

"எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன்.

"பிரிண்ட் எடுத்தா பத்து ரூபாய் சார்" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். தாத்தா பெயரில் கொம்பு இருந்தது.